மரிப்போர் பராமரிப்பும் அரசின் கண்காணிப்பும்: மேகமலை அடிவாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத் திருச்சபைகளின் மருத்துவத் திருப்பணி வரலாறு பெரும்பாலும் குணம் பெற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மிஷன் மருத்துவமனைகளின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோர் அறுவை மருத்துவம் பெற்றோர், மகப்பேறு கண்டோர், வெளிநோயாளராக வந்து சென்றோர் ஆகியோரின் தொகையை அவற்றில் காண்பர். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டிற்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு மரித்தனர் என்பவற்றுக்கு அங்கு இடம் காண்பது அரிது. குணமளித்தல் நற்செய்தியின் அடையாளமாகக் கருதப்பட்டமையால், குணமாகாதோர் அறிக்கைக்கு உகந்தவராகத் தோன்றவில்லை போலும்.

குணமாக வழியற்ற நோயாளரைப் பராமரிக்கும் பணியை நம் நாட்டில் அரசு எவ்வாறு கண்காணித்து வந்துள்ளது என்பதை வரலாற்று வழியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஹாஸ்பிஸ் என்று உலகெங்கும் வழங்கும் இல்லங்களையும், வீடு தேடிச் சென்று செய்யப்படும் வலி தணிப்புப் பராமரிப்பையும் ஒருங்கே இங்குக் கருதுகிறோம். நாம் அடைந்த முடிவை முன்னரே கூறிவிடுவது நேர்மையாகும். அரசு மருந்தை மிகக் கடுமையாகக் கண்காணித்தது. நோயாளர் கிடந்த இல்லத்தைக் கண்காணிக்கத் தவறியது. நோயாளரையோ பல்லாண்டுகள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. இவற்றுள் இரண்டாவது தவற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு.

கண்காணிப்பு என்னும் சொல்லைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. பழைய தமிழ்த் திருமறை மொழிபெயர்ப்பில் சபையின் மேற்பார்வையாளர் கண்காணி என்றே அழைக்கப்படுகிறார். பேராயர் என நாம் இன்று வழங்கும் பதவிக்குரிய கிரேக்கச் சொல்லின் நேரான தமிழ் அது. அதே சொல் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்றாயிற்று. ஆள் சேர்த்துக் கொணர்ந்து, முன்பணத்தால் கட்டிப் போட்டு, வரிசையில் நின்று வேலை வாங்கியவர் அவர். ஆகவே மலையில் வாழும் நம் சபையாருக்கு இச்சொல் இரு முகங்களைக் காட்டுகிறது. அரசின் கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் எந்த முகத்தை எண்ணுகிறோம் என்பது முக்கியமானது.

மலையும் பள்ளத்தாக்கும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம் ஏலமலையாகவும், கிழக்கு ஓரம் வருசநாடு, மேகமலைத் தொடராகவும் எழுந்து நிற்கின்றன. சின்னமனூரிலிருந்து மலைச்சாலையில் ஏறினால் ஹைவேவிஸ், மணலாறு, மேல் மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு எனத் தேயிலைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். இம்மலைப்பகுதி 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பெயரில் இடம்பெற்றது. தோட்டத் தொழிலாளர் வாழ்வது லயங்களில். நோயுற்றால் செல்வது எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு. அங்கு முடியாதெனில் கீழே சின்னமனூருக்கும் தேனிக்கும். 1996இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னரே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எழுந்தது. அதற்கு முன்னர் பெருநோய் கண்டோருக்கு மதுரையே கதி.

இச்சாலையில் நாம் பன்முறை சென்றதுண்டு. 2014க்குச் சில ஆண்டுகள் முன்னர், கருப்பை வாய்ப் புற்றுநோயினால் துன்புற்ற ஒரு மூதாட்டியார்க்கு நற்கருணை கொடுக்கச் சென்றிருந்தோம். நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்று, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு கூறி அனுப்பிவிட்டது. லயத்தின் பின்னறையில் அவர் கிடந்தார். தகரக் கூரைமேல் மழை பெய்துகொண்டிருந்தது. தமக்குக் குணம் உண்டாக வேண்டுமென்று ஜெபிக்குமாறு அவர் நம்மைக் கேட்கவில்லை. அன்று இரவு மட்டும் உறங்க வேண்டுமென்று ஜெபிக்கும்படி கேட்டார். அவர் மகள் மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கிலுள்ள மூன்று ஊர்களின் மருந்துக் கடைகளில் ஏறி இறங்கியிருந்தார். நாமும் ஒரு கடையில் விசாரித்தோம். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அந்த மருந்தை வைத்தால் எங்களுக்கு வம்பு ஐயா" என்றார். அவர் கையில் இருந்தது காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை. அதையே வாங்கிச் சென்றோம்.

அந்த மருந்து மார்ஃபின். புற்றுநோயின் கடும் வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வலிப்படிக்கட்டின் மேற்படியில் இருப்பது. வாய்வழியாகக் கொடுக்கக்கூடியது, விலையும் மிகுதியன்று. கடைக்காரர் ஏன் குரலைத் தாழ்த்தினார் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. அதற்கு முன்னர், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அது ஏன் இல்லை என்பதையும் சுருக்கமாகக் காண்போம்.

தோட்டங்களின் மருத்துவ வசதி 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் நடைபெற்று வந்தது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்புச் சட்டத்தினுள் அது உட்கொள்ளப்பட்டது. தொழிலாளருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி அளிப்பது தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆய்வாளர் வந்து பார்க்கவும் வழி செய்தது. ஒரு மலைக்காட்டில் ஆஸ்பத்திரி இருந்தே தீரவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது சிறிய காரியமன்று. ஆயினும் அச்சட்டத்தின் கண் உழைக்கும் உடலின்மீதே பதிந்திருந்தது. ஓய்வு பெற்றவர், உழைக்கும் பிள்ளையைச் சார்ந்த பெற்றோர் என்ற வகையில் மட்டும் அதனுள் இடம்பெறுவார். பிள்ளைகள் திருப்பூருக்கோ எர்ணாகுளத்துக்கோ பிழைக்கச் சென்றுவிட்டால் அந்த இடமும் அவருக்கு இல்லை. மரிப்பவர் உழைப்பவரல்லர்.

முன்னோர் நடத்திய இல்லங்களும் அவற்றின் கணக்கும்

மரிப்போரைப் பேணும் இல்லங்களைத் திருச்சபை தொடக்கமுதல் நடத்தி வந்தது என்று நாம் பெருமையுடன் கூறுவதுண்டு. நான்காம் நூற்றாண்டில் பேசில் செசரியா நகருக்கு வெளியே எழுப்பிய இல்லத் தொகுதியை இறையியல் மாணவர் அறிவர். ஆனால் அவ்வில்லங்களைக் கண்காணிக்கும் ஒழுங்கையும் திருச்சபையே ஏற்படுத்தியது என்பதைச் சொல்ல நாம் மறந்துவிடுகிறோம். 451ஆம் ஆண்டுக் கால்செதோன் பொதுச்சங்கம் கிறிஸ்துவின் இரு இயல்புகளைப் பற்றிய அறிக்கைக்காகவே நம் வகுப்பறைகளில் நினைவுகூரப்படுகிறது. அதன் எட்டாம் விதி, ஏழையர் இல்லங்களில் பணிபுரியும் குருமார் அந்தந்த நகரத்துப் பேராயரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. தானதருமம் செய்கிறோம் என்று சொல்லித் தன்னிச்சையாக நடப்பவர் அக்காலத்திலும் இருந்தனர் என்பதற்கு இவ்விதியே சான்று. 1311, 1312ஆம் ஆண்டுகளில் கூடிய வியன்னா சங்கம் இன்னும் வெளிப்படையாகப் பேசிற்று. மருத்துவ இல்லங்களை நடத்துவோர் சொத்துப் பட்டியல் எழுத வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றது. (பிரான்சு நாட்டு வியன்னா அது, ஆஸ்திரியத் தலைநகர் அன்று.)

நல்ல சமாரியன் கதையைப் போதகர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் பிரசங்கிக்கிறோம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததைச் சொல்வோம். இரண்டு பணத்தையும் சொல்வோம். அவன் திரும்பி வந்து கணக்குப் பார்ப்பதாகச் சத்திரக்காரனிடம் சொல்லிச் சென்றானே, அதைப் பற்றி நாம் கேட்ட பிரசங்கங்கள் மிகச் சிலவே.

நவீன ஹாஸ்பிஸின் தோற்றத்தை விரித்துரைப்பது இங்குத் தேவையன்று. டப்ளின் நகரில் 1879இலும், லண்டன் ஹாக்னியில் 1905இலும் அயர்லாந்தின் கன்னியர் இல்லங்களை நிறுவினர். அந்த ஹாக்னி இல்லத்தில் 1958 முதல் பணியாற்றிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், மார்ஃபினை வலி வந்தபின் கொடுப்பதை விடுத்து, வலி வருமுன்னரே மணி தவறாது கொடுக்கும் முறையை அங்கு நடைமுறைப்படுத்தினார். அதன் பயனாக 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லம் எழுந்தது. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லம் அறுவை மருத்துவர் டி சூசாவின் முயற்சியால் தொடங்கப்பட்டது. 1990களில் சென்னையை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இல்லம் நோயாளரை ஏற்றது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் வலி தணிப்பு மருத்துவகம் ஒன்றைத் தொடங்கினர். இவையனைத்தும் 1985ஆம் ஆண்டுக்குப் பின் தோன்றியவை என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்.

மருந்தின்மேல் வைத்த கண்

ஏனெனில் 1985இல்தான் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1878ஆம் ஆண்டு அபின் சட்டமும் 1930ஆம் ஆண்டு அபாய மருந்துச் சட்டமும் இருந்தன. அவற்றின் தண்டனைகள் இலேசானவை. புதிய சட்டமோ, மிகச் சிறிய அளவுக்குரியது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. பிடிபட்ட பொருளின் அளவுக்கேற்பத் தண்டனையைப் பிரித்துக் காணும் திருத்தம் 2001இல்தான் வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் இச்சட்டத்தை நன்கறிவர். கம்பம் கஞ்சா என்ற பெயர் நாளேடுகளில் அடிபடாத காலம் அரிது. வருசநாட்டு மலைகளிலும் மேகமலைச் சரிவுகளிலும் கஞ்சாத் தோட்டங்களைத் தேடிக் காவல்துறையினர் ஏறி இறங்கியதும், பிடிபட்டோர் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அலைந்ததும் இவ்வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். சிறை சென்றோர் பெரும்பாலும் சுமந்து சென்ற ஏழைகளே என்பதை நம் சபைகளின் ஆயர்கள் அறிவர். ஆனால் கஞ்சா மூட்டையைத் தேடிய அதே சட்டம் மருந்துக் கடையின் அலமாரியிலும் கை வைத்தது. கடைக்காரர் குரலைத் தாழ்த்தியதன் காரணம் இதுவே. அவரைக் கோழையென்று நாம் பழிக்க இயலாது. பத்தாண்டுச் சிறை என்ற சொல்லின் பொருளைத் தம் தெருவிலேயே கண்டவர் அவர்.

மருத்துவமனைகளின் நிலையும் மேலானதாக இல்லை. மார்ஃபினை வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், வேறு மாநிலத்திலிருந்து வருவிக்க ஒன்று, அனுப்பும் மாநிலத்தில் ஒன்று என நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. அவை ஒரே துறையிலிருந்து வருபவையல்ல; ஆனால் எல்லாம் ஒரே வேளையில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றொன்று முடிந்துவிடும். பல மருத்துவமனைகள் அம்மருந்தை வாங்குவதையே நிறுத்திவிட்டன. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1985க்குப் பின் 97 விழுக்காடு வீழ்ந்து, 1997இல் 18 கிலோவாயிற்று. தொண்ணூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு 18 கிலோ.

இதில் உள்ள முரணைக் கூறாமல் அப்பாற்செல்ல முடியவில்லை. அபினை உரிமம் பெற்ற உழவரைக் கொண்டு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் விளைவித்து, காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள தன் தொழிற்சாலைகளில் பக்குவப்படுத்தி, பிற நாடுகளின் மருந்துத் தொழிலுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. உலகின் வலியைத் தணிக்கும் சரக்கு நம் வயலிலிருந்து கப்பலேறியது; மேகமலை லயத்துக்கு ஏறவில்லை. எந்தப் பன்னாட்டு உடன்பாட்டை நிறைவேற்றுவதற்காக 1985ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததோ, அந்த 1961ஆம் ஆண்டு உடன்பாடு தன் முகவுரையிலேயே வலியைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க நாடுகள் ஆவன செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறது. நம் சட்டம் செய்தவர்கள் ஒரு கடமையை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டனர்.

மாற்றம் மூன்று வழிகளில் வந்தது. புற்றுநோயால் துன்புற்ற தம் தாய்க்கு மார்ஃபின் கிடைக்காத மருந்தியல் அறிஞர் ஒருவர் டில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். 1998இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே ஆண்டில் நடுவண் அரசின் வருவாய்த்துறை, விதிகளை எளிமையாக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. கேரளம் விரைந்து செய்தது, சில மாநிலங்கள் தாமதித்தன, பல அசையவேயில்லை. கோழிக்கோட்டில் இரண்டாண்டுகளில் வீட்டிலேயே மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளரைப் பற்றிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. மருந்து தவறான கைகளுக்குச் சென்றதற்கு ஒரு சான்றும் அதில் காணப்படவில்லை. அரசுகளின் அச்சத்திற்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை. ஆயினும் இந்திய வலி தணிப்புப் பராமரிப்புச் சங்கம் 2007இல் உச்சநீதிமன்றம் வரை செல்ல நேரிட்டது.

2014 பிப்ரவரியில், மக்களவையின் இறுதிக் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில், சட்டத்திருத்தம் நிறைவேறியது. இன்றியமையாப் போதை மருந்துகள் என்றொரு வகை உண்டாக்கப்பட்டு, அவற்றின் விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து நடுவண் அரசிடம் சென்றது. 2015 மே மாதம் வந்த விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒன்று பல உரிமங்களுக்காக அலைய வேண்டியதில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரே அங்கீகாரம் போதும். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் பதிவேடு வைத்து, ஆண்டுக் கணக்கு அனுப்ப வேண்டும். கண்காணிப்பு நீங்கிவிடவில்லை, அது தாழ்ப்பாளாக இருந்த நிலை மாறிக் கணக்காயிற்று என்பதே வேறுபாடு.

இங்கே கம்பத்திலிருந்து மேற்கே நோக்குவது பயன் தரும். குமுளிக் கணவாய் ஏறினால் கேரளம். அம்மாநிலம் 2008இல் வலி தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு, அப்பணியை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கியது. ஊராட்சியின் செவிலியர் படுத்த படுக்கையாய் உள்ளோரின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறார். நம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு அக்கரை செல்லும் பெண்கள் இதைக் கண்டு வந்து சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். மலையும் ஒன்றே, மருந்தும் ஒன்றே. இடையில் இருப்பது ஒரு சோதனைச்சாவடி.

வீட்டின்மேல் வைக்காத கண்

மருந்துக்கு இத்தனை பூட்டுகள் போட்ட அரசு, குணமாகாதோரை அடைத்து வைக்கும் வீடுகளை எவ்வாறு நோக்கியது? 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் இல்லங்களுக்கு ஆய்வாளரை நியமித்தது உண்மையே. ஆனால் அது நோயாளரைத் தெருவிலிருந்து அகற்றும் நோக்குடையது. இல்லத்தினுள் அவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பது அதற்கு இரண்டாம்பட்சம். மிஷன் தொழுநோய் இல்லங்கள் பல அரசு மானியம் பெற்றன. அவற்றின் நற்பெயர் அங்குப் பணிபுரிந்தோரின் நல்லொழுக்கத்தையே சார்ந்திருந்தது. நல்லவர் இருக்கும்வரை இல்லம் நன்றாக இருந்தது.

நல்லொழுக்கத்தை மட்டும் நம்பியிருப்பதன் முடிவு எதுவென்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டியது. மனநோயாளரைக் கட்டிவைத்திருந்த ஓலைக்கொட்டகை அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியினின்று விடுபட முடியாமல் 28 பேர் மாண்டனர். உரிமம் இன்றி மனநோய் இல்லம் நடத்தலாகாது என்று 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போதே கூறியிருந்தது. சட்டம் இருந்தது, சென்று பார்த்தவர் இல்லை. தீ விபத்திற்குப் பின்னர் சில நாள்களுக்குள் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் அனைவரும் முந்திய வாரம் வரை அரசின் கண்ணுக்குப் புலப்படாதிருந்தவர்கள்.

தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018இல் வெளிவந்தன. இடையிலுள்ள 21 ஆண்டுகள் அச்சட்டம் ஏட்டில் உறங்கியது. மரிப்போர் இல்லங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது மருத்துவமனையெனில் சுகாதாரத்துறைக்கு உரியது; முதியோர் இல்லமெனில் சமூக நலத்துறைக்கு உரியது; மனம் கலங்கியோர் அங்கிருப்பின் மனநலச் சட்டமும் குறுக்கிடும். மூன்று துறைகளுக்கும் உரியது என்பதால் ஒன்றுக்கும் உரியதாகாமற் போக வாய்ப்புண்டு.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் நிகழ்ந்ததை நம் வாசகர் மறந்திருக்கமாட்டார். கிறிஸ்தவக் குரு ஒருவரால் 2011 முதல் நடத்தப்பட்டு வந்த அக்கருணை இல்லத்தின் வண்டியில் ஒரு மூதாட்டி கூக்குரலிட்டதைக் கேட்டு மக்கள் தடுத்து நிறுத்தினர். அதே வண்டியில் ஒரு பிரேதமும் காய்கறி மூட்டைகளும் இருந்தன. அலுவலர் சென்று பார்த்தபோது, இறந்தோரைச் சுவரில் அமைத்த கல்லறை அறைகளில் வைத்து அடைக்கும் முறை வெளிப்பட்டது. எலும்பு வாணிகம் நடந்ததென்றும் குற்றச்சாட்டு எழுந்தது. இல்லத்தார் அதை மறுத்தனர். தெருவில் விடப்பட்டோரையே தாங்கள் ஏற்றதாகவும், சுவர்க் கல்லறை பழைய கிறிஸ்தவ வழக்கமே என்றும் கூறினர். அங்கிருந்தோரை அரசு வேறிடங்களுக்கு மாற்றியது.

அக்குற்றச்சாட்டுகளின் மெய்ம்மையை ஆராய்வது நம் பணியன்று. அப்போது நம்மிடையே எழுந்த இருவகைக் குரல்களே நம் கவனத்துக்குரியவை. இது சிறுபான்மையோர்மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் என்றனர் ஒரு சாரார். அது நம் சபையன்று, கத்தோலிக்கருடையது என்று ஒதுங்கினர் மற்றொரு சாரார். இரண்டும் நமக்கு ஏற்புடையனவல்ல. முன்னது அஞ்சுவதற்கு நியாயமுண்டு. அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக இயற்றப்பட்டு 2020இல் மேலும் இறுக்கப்பட்டபின் நம் பணித்தலங்கள் பல தத்தளிக்கின்றன என்பதையும் நாம் மறுக்கவில்லை. கண்காணி கங்காணியாக மாறுவது எளிது. ஆயினும், ஓர் இல்லத்தில் மரிப்போரின் பெயர், வந்த நாள், நோய், கொடுக்கப்பட்ட மருந்து, இறந்த வேளை, சான்றளித்த மருத்துவர், அடக்கத்தை அறிந்த உறவினர் ஆகியவை எழுதப்பட்ட ஏடு திறந்து வைக்கப்பட்டிருக்குமாயின், வதந்திக்கு அங்கு இடம் எது? அத்தகைய ஏட்டைக் கேட்க அரசு வரவில்லை. கேட்கும்படி திருச்சபையும் யாரையும் அழைக்கவில்லை.

நம் அரசியலமைப்பின் 26ஆம் உறுப்பு, சமயம் சார்ந்த, தருமம் சார்ந்த நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் அளிக்கிறது. இவ்வுறுப்பை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்னும் தொடரோடுதான் அது தொடங்குகிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் உடல்நலம் அம்மூன்றாம் சொல்லுள் அடங்காதெனில் வேறெது அடங்கும்?

இன்றைய நிலை

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளருக்கு வீடு தேடி மாத்திரை கொடுப்பதோடு, படுத்த படுக்கையாய் உள்ளோருக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் அடங்கும். அரசு நோயாளரையே நேராகப் பார்க்கத் தொடங்கியது என்று இதைச் சொல்லலாம். இங்கு அரசே பணிசெய்வதும் கண்காணிப்பதும் ஆகிறது. அதனாலேயே அரசு சாராதோர் கண்ணும் தேவைப்படுகிறது. தன் வேலையைத் தானே மதிப்பிடுவோர் குறையை எழுதுவது அரிது.

கண்காணிப்பு பணத்தைத் தொடர்ந்து செல்லும் நாடுகளின் அனுபவமும் நமக்கு எச்சரிக்கையாகும். அமெரிக்காவில் 1983 முதல் முதியோர் காப்பீட்டு நிதி ஹாஸ்பிஸ் பணிக்கு வழங்கப்படுகிறது. இலாப நோக்குடையோர் அதில் பெருகினர்; லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மோசடி மலிந்துள்ளதெனக் கலிபோர்னிய மாநிலத் தணிக்கையாளரே 2022இல் அறிக்கை அளித்தார். நம் பள்ளத்தாக்கில் இத்தொழிலில் இலாபம் காண எவரும் வரப்போவதில்லை என்று சிலர் நகைக்கலாம். முதியோர் இல்லங்கள் கட்டண விடுதிகளாக மாறிவரும் காலத்தில் அந்நகைப்பு நெடுநாள் நிலைக்குமா என ஐயுறுகிறோம்.

மேகமலைச் சபைகள் இல்லம் கட்ட வேண்டியதில்லை. லயத்தில் மரிக்க விரும்புவோர் லயத்திலேயே மரிக்கட்டும். ஆனால் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையோ பணித்தலமோ அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனமாகப் பதிவு பெற விண்ணப்பிப்பதற்கு 2015ஆம் ஆண்டு விதிகள் வழி திறந்துள்ளன. வலி தணிப்பில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், பூட்டக்கூடிய ஓர் அலமாரி, ஒரு பதிவேடு ஆகியவை அதற்கு வேண்டும். பெற்றது, கொடுத்தது, எஞ்சியது என மாத்திரைக் கணக்கைப் பத்தி பிரித்து எழுத வேண்டும். ஞானஸ்நானப் பதிவேடும், திருமணப் பதிவேடும், அடக்கப் பதிவேடும் பிழையின்றி எழுதிப் பேராய அலுவலகத்துக்கு நகல் அனுப்பிப் பழகிய ஆயர்கள், நான்காவதாக ஒரு பதிவேட்டைக் கண்டு அஞ்சுவது வியப்பே.

அடக்கப் பதிவேட்டில் மரணத்தின் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. நம்மை அன்றிரவு உறக்கத்துக்காக ஜெபிக்கக் கேட்ட அம்மூதாட்டியார் அதன்பின் பதினொரு நாள்கள் உயிரோடிருந்தார். அவர் பெயருக்கு நேரே அப்பத்தியில் வியாதி என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.